மர அம்புக்கு டேப்பர் போட்டு பிராட்ஹெட் மாட்டித் தரும் காசிமேட்டு லேத் பட்டறை

சென்னையில் மர அம்பு விடுகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். அதிலும் தண்டை வாங்கி, தானே முனை மாட்டி, தானே இறகு ஒட்டி விடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேருக்கும், இனிமேல் ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் உபயோகமாக இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன். ராயபுரத்தில் இருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் போனால், படகு இன்ஜினுக்கு புஷ், பின், ஷாஃப்ட் எல்லாம் கடைந்து தருகிற சின்னச் சின்ன லேத் பட்டறைகள் இருக்கும். அப்படி ஒன்றில், ஒரு அப்பாவும் மகனும் சேர்ந்து நடத்துகிற இடத்தில், அம்புத் தண்டுக்கு முனை டேப்பர், நாக் (நாண் மாட்டுகிற பிளவு) டேப்பர், பின்பக்க நீள டேப்பர் மூன்றும் போட்டுத் தருகிறார்கள், டேப்பர் என்றால் நுனியை நோக்கி ஒல்லியாகச் சீவுவது. கேட்டால் பிராட்ஹெட் என்கிற பிளேடு வைத்த முனையையும் மாட்டி, சுற்றிப் பார்த்து, சரிசெய்து கையில் கொடுக்கிறார்கள். பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. வாசலில் ஒரு பழைய படகு புரொப்பல்லர் கிடக்கும், அதுதான் அடையாளம். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த அரை ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன்.

பிராட்ஹெட் என்று சொன்னதுமே வேட்டையா என்று கேட்பார்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம், எனக்கும் அதில் துளி ஆசை கிடையாது. பொன்னேரி பக்கம் ஒரு நண்பருடைய தோப்பில், ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிற மண்மேட்டுக்கு முன்னால் தடித்த ஃபோம் அடுக்கை வைத்துத்தான் விடுகிறோம், அதுவும் பிளேடைத் தீட்டாமல். கிளப் மைதானத்தில் பிராட்ஹெட்டை உள்ளே விடமாட்டார்கள், இலக்கைக் கிழித்துவிடும் என்பதால், அது சரியான விதிதான். அப்புறம் எதற்கு இது என்றால், மர அம்பு செய்கிறவருடைய வேலை எவ்வளவு சுத்தம் என்று காட்டுவதற்கு பிராட்ஹெட்டை விடக் கறாரான சோதனை இல்லை. சாதாரண உருண்டை முனை கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தாலும் அம்பு ஏறக்குறைய நேராகப் போய்விடும், பின்னால் இருக்கிற இறகு அதைச் சமாளித்துவிடும். பிராட்ஹெட்டில் முன்னால் தட்டையான இரண்டு பிளேடு இருக்கிறது, காற்றுக்கு அதுவும் ஒரு இறகுதான். அது ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் முன்னால் இருந்து அது ஒரு பக்கம் திருப்பும், பின்னால் இருந்து இறகு இன்னொரு பக்கம் இழுக்கும், இருபது மீட்டருக்குள் அம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வில்லைக் குறை சொல்வோம், கையைக் குறை சொல்வோம், நாணை மாற்றுவோம். பெரும்பாலும் கோளாறு அந்த ஒரு அங்குல டேப்பரில்தான் இருக்கும்.

மர அம்பைப் பார்த்திராதவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். கார்பன், அலுமினிய அம்பில் உள்ளே ஒரு இன்சர்ட் இருக்கும், முனையைத் திருகினால் போதும். மரத்தில் அப்படி இல்லை. முனையின் அடியில் கூம்பு வடிவத்தில் ஒரு குழி இருக்கும், தண்டின் நுனியையும் அதே கூம்பாகச் சீவி உள்ளே செருகி ஒட்ட வேண்டும். முனைப் பக்கத்துக்கு 5 டிகிரி, நாண் மாட்டுகிற நாக் பக்கத்துக்கு 11 டிகிரி, இதுதான் உலகம் முழுக்க மர அம்புக்காரர்கள் வைத்திருக்கிற அளவு. தண்டின் கனம் 5/16, 11/32, 23/64 அங்குலம் என்று வரும், மில்லிமீட்டரில் சுமார் 7.9, 8.7, 9.1. நான் வைத்திருப்பது போர்ட் ஆர்ஃபோர்டு சிடார் என்கிற மரத்தில் செய்த 11/32 தண்டு. இதைத் தவிர, தண்டின் பின்பக்கம் ஒன்பது பத்து அங்குலத்தை மட்டும் 11/32-ல் இருந்து 5/16 வரைக்கும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வருவதும் உண்டு. அதைத்தான் டேப்பர்டு ஷாஃப்ட் என்கிறார்கள். வால் பக்கம் எடை குறையும், எடை முன்னால் தள்ளும், வில்லைத் தாண்டும்போது அம்பின் பின்பகுதி ஒட்டி உரசாமல் விலகும், விட்டவுடன் வளைந்து நெளிகிற அம்பு சீக்கிரம் அடங்கி நேராகும். பிராட்ஹெட் போடுகிறவர்களுக்கு இந்தச் சீக்கிரம் அடங்குகிற குணம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் அம்பு நெளிந்துகொண்டே இருக்கிற நேரமெல்லாம் அந்தப் பிளேடு காற்றைத் தப்பான கோணத்தில் வெட்டிக்கொண்டிருக்கும்.

டேப்பர் போட பென்சில் சீவி மாதிரி ஒரு சின்ன டூல் ஆன்லைனில் கிடைக்கிறது, நானும் ஒன்று வாங்கினேன், எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பிளாஸ்டிக் உடம்பு, நடுவில் ஒரு பிளேடு. சிக்கல் என்னவென்றால் அந்தத் துளை தண்டைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தது, தண்டு உள்ளே ஆடிக்கொண்டே சீவப்படும், கூம்பு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கூம்பின் மையமும் தண்டின் மையமும் வேறு வேறாக இருக்கும். தண்டைச் சுற்றி டேப் ஒட்டி ஆட்டத்தைக் குறைத்துப் பார்த்தால் கொஞ்சம் பரவாயில்லை. நல்ல உலோக டூல்களும், டிஸ்க் சாண்டரில் வைத்துத் தேய்க்கிற ஜிக்கும் வெளிநாட்டில் இருக்கின்றன, அவை அருமையாக வேலை செய்யும், ஆனால் வரவழைக்கிற செலவுக்கும் சுங்க வரிக்கும் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்கு ரெண்டு மூன்று டஜன் அம்பு செய்கிறவருக்குக் கட்டுப்படியாகாது. வால்டாக்ஸ் ரோடு பக்கம் ஒரு மரக்கடைசல் கடையில் கேட்டுப் பார்த்தேன், அங்கே தண்டின் நுனியை மூன்று தாடைச் சக்கில், அதாவது லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கிற பாகத்தில், நேராக வைத்து முறுக்கினார்கள், மரத்தில் மூன்று பள்ளம் விழுந்ததுதான் மிச்சம். அதற்கப்புறம்தான் படகு வேலை பார்க்கிற ஒரு நண்பர் இந்தப் பட்டறையைச் சொன்னார்.

முதல் தடவை போனபோது மகன் தண்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது, ஊதுவத்தி கணக்கா கீது, சக்குல போட்டா நசுங்கிடுமே" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவர் என்ன செய்தார் என்றால், ஒரு நைலான் கம்பியை எடுத்து நடுவில் 11/32-க்குத் துளை போட்டு, ஒரு பக்கம் நீளவாக்கில் கீறல் விட்டு ஒரு புஷ் செய்துகொண்டார். தண்டை அந்தப் புஷ்ஷுக்குள் விட்டு, புஷ்ஷைத்தான் சக் பிடிக்கிறது. மரத்தில் ஒரு தழும்பு இல்லை. தண்டு முப்பத்திரண்டு அங்குலம் நீளம், லேத்தின் ஸ்பிண்டில் உள்ளே கூடாக இருப்பதால் மிச்ச நீளம் அதற்குள் போய்விடும், ஆனால் அப்படியே விட்டால் பின்பக்கம் சாட்டை மாதிரி அடிக்க ஆரம்பிக்கும் என்று ஸ்பிண்டிலின் பின்வாயிலும் துளை போட்ட ஒரு அடைப்பை வைத்துத் தண்டை நடுவில் நிறுத்தினார். அப்புறம் டயல் இண்டிகேட்டரை நுனிக்குப் பக்கத்தில் வைத்து, சக்கைக் கையால் மெல்லச் சுற்றி, முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தார். ஆடியது. சிடார் தண்டு எதுவும் முழு நேராக இருக்காது, கொஞ்சம் வளைவு இருக்கத்தான் செய்யும். வெளியே எடுத்து, வளைந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிமிர்த்திவிட்டு மறுபடி போட்டார். இதைச் செய்யச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

டேப்பர் கோணத்துக்கு அவர் என் 5 டிகிரி கணக்கை மட்டும் நம்பவில்லை என்பதுதான் இந்தப் பட்டறையின் பெரிய சிறப்பு. லேத்தில் உளியைச் சாய்வாக நகர்த்துகிற காம்பவுண்ட் ஸ்லைடை அந்த அளவுக்குத் திருப்பி வைத்து ஒரு வீணான தண்டுத் துண்டில் கூம்பு வெட்டினார், பிறகு நான் கொண்டுபோன பிராட்ஹெட்டின் குழிக்குள், எங்கே தொடுகிறது என்று காட்டுகிற மார்க்கிங் புளூ மையை மெல்லிசாகத் தடவி, கூம்பில் செருகி ஒரு சுற்று சுற்றி எடுத்தார். கூம்பில், குழியின் வாய் படுகிற பக்கம் மட்டும் நீலம் ஒட்டியிருந்தால் கூம்பின் கோணம் அதிகம், நுனிப் பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் கோணம் குறைவு, நீளம் முழுக்க ஒட்டினால்தான் சரி. எங்கள் துண்டில் வாய்ப் பக்கம் மட்டும் நீலம். ஸ்லைடை ஒரு தட்டு தட்டி, மறுபடி வெட்டி, மறுபடி நீலம் பார்த்து, முழுசாக ஒட்டும்வரை விடவில்லை. படகு ஷாஃப்ட்டில் புரொப்பல்லரை டேப்பரில் உட்கார வைப்பதற்கும் இதே வேலைதான் என்றார். அது நிஜம், புரொப்பல்லர் டேப்பர் முழுசாகப் பிடிக்கவில்லை என்றால் கடலில் போய் கழன்றுவிடும். அம்புக்காரர்கள் பல பேர் இதைச் செய்வதில்லை. வாங்குகிற ஒவ்வொரு பிராட்ஹெட்டும் சரியாக 5 டிகிரியில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம், விலை மலிவான முனைகளில் குழிக்குள் வெல்டு துளியோ, பெயின்ட் கட்டியோ இருக்கும், அது கூம்பை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். இங்கே குழியையும் டார்ச் அடித்துப் பார்த்து, தேவைப்பட்டால் சின்ன அரத்தால் சுத்தம் செய்துவிட்டுத்தான் அளவே எடுக்கிறார்கள்.

பின்பக்க நீள டேப்பர் அப்பாவின் வேலை. பெரியவருக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும், முன்னால் கட்டில் கால், பூரிக்கட்டை, பம்பரம் எல்லாம் கடைந்தவர். மகன் பத்து அங்குலத்தையும் லேத்திலேயே வெட்டிவிடலாம் என்றதற்கு, "ஒல்லியா கீறத உளி தொட்டா ஒதுங்கும்டா, நடுவுல தொப்ப வுழும்" என்று சொல்லி அவரே எடுத்துக்கொண்டார். மெல்லிய தண்டு வெட்டு அழுத்தத்தில் ஒதுங்கத்தான் செய்யும், குறைக்க வேண்டியதோ பத்து அங்குலத்துக்கும் சேர்த்து ஒரு அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.8 மில்லிமீட்டர்தான். அவர் ஒரு கட்டையில் வாய்க்கால் மாதிரி நீளப் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார், ஒரு முனையில் ஆழம் கொஞ்சம் குறைவு. தண்டை அதில் படுக்க வைத்து, சின்ன இழைப்புளியால் ஒரு சீவு, தண்டைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு சீவு, இப்படியே சுற்றி வந்து, கடைசியில் உப்புத்தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு லேத்தில் மெதுவாக ஓடவிட்டு உருட்சியாக்குகிறார். வெர்னியர் வைத்து ஒவ்வொரு அங்குலத்திலும் அளந்து பார்த்தேன், படி மாதிரி ஒரே சீராக இறங்குகிறது. கையால் இவ்வளவு ஒழுங்காக வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, அந்த மனிதருக்குத் தலைவணங்குகிறேன்.

முனை ஏன் மையத்தில் இருக்க வேண்டும் என்று நான் அவருக்கு விளக்கப்போனால், அவர் கையமர்த்திவிட்டு, பம்பரத்துக்கு ஆணி அடிக்கிறபோது ஒரு நெல்லு தள்ளிப்போனாலும் அது தூங்காது, தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும், இதுவும் அதுதானே என்றார். அவ்வளவுதான் விஷயம்.

ஒட்டுகிற விஷயத்தில்தான் எனக்கும் அவர்களுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். மகன் இரண்டு டியூப் எபாக்சியைக் கலந்து எடுத்துக்கொண்டு வந்தார். எபாக்சி நன்றாகப் பிடிக்கும், சந்தேகமே இல்லை, ஆனால் இறுகின பிறகு முனையைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது, கழற்றுவதற்குப் போடுகிற சூட்டில் மரம் கருகும். பெரியவர் அரக்கு வைக்கலாம் என்றார். அருவாளுக்கும் கத்திக்கும் பிடி போடுகிறவர்கள் காலம் காலமாக அரக்கைத்தான் உருக்கி ஊற்றுகிறார்கள், அம்புக்கும் அது பொருந்தும், ஆனால் அரக்கு கண்ணாடி மாதிரி, அம்பு கல்லிலோ கெட்டி மண்ணிலோ மோதினால் நொறுங்கும். நான் கேட்டது ஹாட் மெல்ட், அதுவும் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற கைவினைக் குச்சி வேண்டாம், அதிக சூட்டில் உருகுகிற, அம்புக்கென்றே வருகிற கட்டிப் பசை. அதை நானே கொண்டுபோயிருந்தேன். ஹாட் மெல்ட்டின் அருமை என்னவென்றால், சூடு காட்டினால் இளகும், திருப்பலாம், ஆறினால் பிடித்துக்கொள்ளும், பத்து தடவை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். தண்டு உடைந்தால் முனையைக் கழற்றி அடுத்த தண்டில் போட்டுக்கொள்ளலாம். பிராட்ஹெட் விற்கிற விலைக்கு இதுவே ஒரு காரணம் போதும்.

ஒட்டுகிற முறையை ஒரு தடவை காட்டினேன், அடுத்த அம்பில் இருந்து அவர்களே என்னைவிட நன்றாகச் செய்தார்கள். குழிக்குள் இருக்கிற எண்ணெயைத் தின்னர் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும், புது முனைகளில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித்தான் அனுப்புவார்கள், அது இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. கூம்பில் வார்னிஷ் படக்கூடாது, வெறும் மரமாக இருக்க வேண்டும், உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டால் இன்னும் நல்லது. பிராட்ஹெட்டை இடுக்கியில் பிடித்துக்கொண்டு குழிப் பக்கத்தை மட்டும் சூடு காட்ட வேண்டும், பிளேடு பக்கம் தீ போகவே கூடாது, எஃகு நிறம் மாறி நீலம் தட்ட ஆரம்பித்தால் அதன் பதம் போய்விட்டது என்று அர்த்தம். கூம்பில் பசையை உருக்கித் தடவி, சூடான முனையைச் சுற்றிக்கொண்டே செருகி, முனையை ஒரு மரக்கட்டையில் ஊன்றித் தண்டால் நன்றாக அழுத்த வேண்டும். பிதுங்கி வருகிற பசையை ஈரத் துணியால் வழித்துவிட்டு, உடனே சுற்றிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சுற்றிப் பார்க்கிற கட்டத்தில்தான் பட்டறையின் பழக்கம் தெரிகிறது. நாம் வழக்கமாக முனையை ஒரு கட்டையில் ஊன்றி, தண்டை விரலால் சொடுக்கிச் சுழலவிட்டு, முனையும் தண்டும் சேருகிற இடத்தில் நடுக்கம் தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்போம். அவர்கள் தண்டை இரண்டு வி பிளாக்கில், அதாவது V வடிவப் பள்ளம் உள்ள கட்டைகளில், படுக்க வைத்து உருட்டி, முனையின் நுனிக்கு டயலை வைத்துவிட்டார்கள். முள் ஆடுகிற பக்கத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி சூடு காட்டி, முனையைக் கால் சுற்று திருப்பி, மறுபடி டயல். கூம்பில் மிச்சமிருக்கிற கோணலும் குழியில் இருக்கிற கோணலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற ஒரு இடம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து நிறுத்துகிறார்கள். பிளேடு செங்குத்தாக இருக்க வேண்டுமா, படுத்திருக்க வேண்டுமா என்று மகன் கேட்டார். அது அம்பு போகிற போக்கை மாற்றாது, எது நேராகச் சுற்றுகிறதோ அந்த நிலையில் விட்டுவிடுங்கள் என்றேன். சிலருக்கு எல்லா அம்பிலும் பிளேடு ஒரே மாதிரி நின்றால்தான் கண்ணுக்கு ஒத்துவரும், அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆனால் அதற்காக நேர்த்தியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாக் பக்கம் பற்றி ஒரு விஷயம் நீங்களே கவனித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது லேத் வேலை இல்லை, வில் வேலை. தண்டின் மரவரியைப் பாருங்கள். வளர்ச்சி வளையங்கள் ஒரு பக்கம் நெருக்கமான கோடுகளாகத் தெரியும், அந்தப் பக்கம்தான் தண்டு விறைப்பு. அந்தப் பக்கம் வில்லில் உரசும்படி, அதாவது நாண் காடி வரிக்குக் குறுக்கே வரும்படி நாக் துண்டை ஒட்ட வேண்டும். வரி தண்டை விட்டு வெளியே ஓடுகிற இடத்தில் கூரான நாக்கு மாதிரி ஒரு கோலம் தெரியும், மேல் பக்கத்துக் கோலம் முனையை நோக்கிப் போகிற மாதிரி வைப்பது நல்லது, அம்பு உடைந்தாலும் சிம்பு வில் பிடித்த கையை விட்டு விலகும். மர அம்பு விடுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அம்பை லேசாக வளைத்து, காதருகே வைத்து விரிசல் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாணில் ஏற்ற வேண்டும். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் மர அம்பு போடவே கூடாது, தண்டு சிதறிக் கையில் ஏறிவிடும். இதில் சலுகையே கிடையாது.

பலன் என்ன என்று கேட்டால், தோப்பில் ஒரே எடையுள்ள உருண்டை முனை போட்ட அம்புகளையும் பிராட்ஹெட் போட்ட அம்புகளையும் கலந்து கலந்து விட்டோம், இரண்டும் 125 கிரெயின், சுமார் 8.1 கிராம். இருபது மீட்டரில் இரண்டும் ஒரே இடத்தில் போய்க் குத்துகின்றன. அந்தப் பிளாஸ்டிக் டூலால் சீவிய அம்புகளில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் வித்தியாசம் வரும். நீள டேப்பர் போட்டவை காற்றில் அடங்குகிற வேகம் கண்ணுக்கே தெரிகிறது, வால் ஆட்டம் சட்டென்று நின்றுவிடுகிறது. எனக்கு இதில் இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவரத் தெரியவில்லை.

இப்போது அந்த அரை நட்சத்திரம். ஒன்று, காத்திருப்பு. படகு வேலைதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது, அதனால் எந்த நேரத்திலும் ஒரு படகுக்காரர் உடைந்த பின்னோடு வந்து நின்றால் நம் தண்டு ஓரமாகப் போய்விடும். அது நியாயம்தான், கடலுக்குப் போகிறவர் நிற்க முடியாது, ஆனால் இன்று மாலை என்று சொன்னது மூன்று நாள் கழித்து வந்ததும் உண்டு. கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளை எல்லாம் அப்போதுதான் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், அந்த இரண்டு மாதம் இந்தப் பக்கம் அம்போடு போகவே போகாதீர்கள். இன்னொன்று, தண்டுகளைச் சாத்தி வைக்கிற விதம். சுவரில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள், அந்தப் பக்கத்துக் கடல் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு ஒரு ராத்திரி சாய்ந்து நின்றாலே சிடார் வளைந்துவிடும், கூம்பும் கொஞ்சம் உப்பி குழிக்குள் போக மறுக்கும். அதனால் டேப்பர் போட்ட அன்றே முனையையும் மாட்டி வாங்கிவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் தண்டு முழுக்க பாலியூரித்தேன் அடித்துவிடுங்கள். மூன்றாவது, ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பு, பார்க்கிற வசதி அங்கே இல்லை. அதை நீங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள், 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கி, நடுவில் 2 பவுண்டு, அதாவது சுமார் 907 கிராம் எடை, தண்டு எவ்வளவு தொங்குகிறது என்று அங்குலத்தில் அளந்து 26-ஐ அதனால் வகுத்தால் பவுண்டு கணக்கில் ஸ்பைன் வந்துவிடும். 0.52 அங்குலம் தொங்கினால் 50 பவுண்டு. பின்பக்கம் டேப்பர் போட்டால் தண்டு கொஞ்சம் இளகும், அதனால் முன்னாலும் பின்னாலும் இரண்டு தடவை அளப்பது உத்தமம், ஒரு டஜன் தண்டு என்றால் ஒரே அளவுக்கு வருகிறவற்றைத் தனியாகக் கட்டி வைத்துக்கொள்ளலாம்.

விலை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. முனை, நாக் இரண்டு டேப்பரும் சேர்த்துத் தண்டுக்கு 60 ரூபாய், பின்பக்க நீள டேப்பருக்கு 90, முனையை மாட்டிச் சுற்றிப் பார்த்துத் தர 40. முதல் தடவை அந்த நைலான் புஷ்ஷுக்குத் தனியாக வாங்கினார்கள், இப்போது அது அங்கேயே இருக்கிறது, 11/32 தண்டு கொண்டுபோகிறவர்களுக்கு அந்தச் செலவு இல்லை. பேரம் பேசலாம், ஆனால் பெரியவர் ஒரு தண்டுக்கு எடுத்துக்கொள்கிற நேரத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பேச வாய் வரவில்லை.

போகிறவர்கள் தண்டு, முனை, பசைக் கட்டி மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள், வீணான ஒரு தண்டுத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள், அளவு எடுக்க அது வேண்டும். தின்னர், இடுக்கி, கேஸ் டார்ச் எல்லாம் அங்கேயே இருக்கிறது. மெட்ரோவில் போக நினைக்காதீர்கள், கூரான பொருளை ஸ்கேனரில் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். பிளேடுக்குத் தடித்த தோல் உறையோ, வெட்டிய ரப்பர் குழாயோ மாட்டி, அம்பைக் குழாய்க்குள் போட்டு வண்டியில் கட்டிக்கொண்டு போங்கள். வேலை நடக்கும்போது பிளேடை உறையோடுதான் கொடுக்க வேண்டும், கை வைத்துத் திருகுகிற வேலையே கூடாது. காலை பதினோரு மணிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போனால் இருவரும் நிதானமாகப் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.

மூங்கில் தண்டை மட்டும் இப்போதைக்கு எடுப்பதில்லை. இந்தியன் ரவுண்டு என்கிற வில்வித்தைப் போட்டி விளையாடுகிற பிள்ளைகள் மூங்கில் அம்புதான் விடுகிறார்கள், அவர்களில் சிலருக்காக நான் கேட்டுப் பார்த்தேன். மூங்கில் உள்ளே கூடு, வெளியே கணுவுக்குக் கணு உருட்சி மாறும், புஷ்ஷில் பிடித்தால் மையம் நிற்காது. கூட்டுக்குள் ஒரு மரக்குச்சியை ஒட்டி, அதைக் கணக்காக வைத்துக் கடையலாமா என்று மகன் யோசித்துக்கொண்டிருக்கிறார், தடைக்காலம் முடிந்து வேலை குறைந்ததும் ரெண்டு மூங்கிலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சரியாக வந்தால் இதிலேயே கீழே சேர்த்து எழுதுகிறேன்.